விரை முறுக்கம்: தையல் போட்ட பிறகும் திரும்ப வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரை முறுக்கிக்கொண்டு, அவசரமாக ஆபரேஷன் செய்து, தையல் போட்டு நிறுத்தியாயிற்று. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாதங்களோ வருஷங்களோ கழித்து அதே இடத்தில் திடீரென்று வலி வருகிறது. "அதுதான் தைத்துவிட்டார்களே, வேறு ஏதாவது இருக்கும்" என்று விடியும் வரை பொறுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கேள்வி பதில்.

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கோ உங்கள் பையனுக்கோ விரையில் திடீர் வலி இருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

முதலில், விரை முறுக்கம் என்றால் என்ன?

ஒவ்வொரு விரையும் ஒரு கொடியில் தொங்குகிறது. ரத்தம் கொண்டு வரும் தமனி, திரும்ப எடுத்துப்போகும் சிரைகள், விந்துக்குழாய், நரம்புகள் எல்லாம் அந்தக் கொடிக்குள்தான் இருக்கின்றன. விரை சுற்றிக்கொண்டால் கொடி முறுக்கேறுகிறது. முதலில் சிரைகள் நசுங்கும். உள்ளே போன ரத்தம் வெளியேற வழியில்லாமல் விரை வீங்கும். பிறகு தமனியும் அடைபடும். டெஸ்டிகுலர் டார்ஷன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 12 முதல் 18 வயது வரைதான் அதிகம்.

எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? சாதாரணமாக விரையின் பின்பக்கம் பையின் சுவரோடு ஒட்டியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிமானம் இருக்காது. விரையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான உறை கொடி வரைக்கும் ஏறி மூடியிருக்கும். உள்ளே விரை மணியின் நாக்கு மாதிரி தடையில்லாமல் ஆடும். மருத்துவத்தில் இந்த அமைப்புக்கே அப்படித்தான் பெயர். பெரும்பாலும் இது இரண்டு பக்கமும் இருக்கும். பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

விரைப்பையில் சின்னதாகக் கீறி, உறையைத் திறக்கிறார்கள். உள்ளே விரை நீலம் பாரித்தோ கறுத்தோ இருக்கும். எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி முறுக்கை எடுக்கிறார்கள். ஒரு சுற்றாக இருக்கலாம், இரண்டு சுற்றாகவும் இருக்கலாம். பிறகு வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியில் விரையைச் சுற்றி வைத்துக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் மறுபக்கத்து விரையைத் தைத்து முடித்துவிடுவார்கள்.

துணியை விலக்கிப் பார்க்கும்போது நிறம் திரும்பியிருந்தால் நல்லது. சந்தேகமாக இருந்தால் விரையின் வெள்ளைத் தோலில் ஒரு சிறு கீறல் போட்டுப் பார்ப்பார்கள். சிவப்பாக ரத்தம் கசிந்தால் அதைக் காப்பாற்றலாம். கறுப்பாகவே கிடந்து ரத்தமும் வராவிட்டால் எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை.

காப்பாற்ற முடிந்த விரையைப் பையின் உட்சுவரோடு தையல் போட்டு நிறுத்துவதற்கு ஆர்க்கிடோபெக்ஸி என்று பெயர். பலர் இரண்டு மூன்று இடங்களில் தையல் போடுவார்கள். சிலர் தோலுக்குக் கீழே ஒரு சிறு பை மாதிரி இடம் உண்டாக்கி, விரையை அதற்குள் வைத்துவிடுவார்கள். சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்வார்கள். உலகம் முழுக்க ஒரே முறையில் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்; சர்ஜனுக்குச் சர்ஜன் மாறும்.

சரி, இப்படித் தைத்து நிறுத்திய பிறகும் முறுக்கிக்கொள்ளுமா?

முறுக்கிக்கொள்ளும். மிக அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கிறது. ஆபரேஷன் ஆன பையன்கள் மறுபடி வலியோடு வந்து, திறந்து பார்த்தபோது அதே விரை முறுக்கியிருந்த நிகழ்வுகள் பல நாட்டு மருத்துவ இதழ்களில் பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் திரும்ப வராது. அதனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. "இனி வரவே வராது" என்று யாராவது உறுதி சொன்னால் மட்டும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

தையல்தான் போட்டிருக்கிறதே, எப்படி மறுபடி சுற்றும்?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வியாகத் தெரிகிறது. பதில் புரிந்துவிட்டால் மற்றது தானாகப் புரியும்.

நூல் மட்டுமே விரையை ஆயுசுக்கும் பிடித்து வைத்திருப்பதில்லை. நூல் பிடித்திருக்கும் காலத்துக்குள் விரையின் வெளித்தோலும் பையின் உட்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டி வளர வேண்டும். காயம் ஆறும்போது உண்டாகும் அந்தத் தழும்பு ஒட்டுதான் நிரந்தரப் பிடி. ஒட்டு சரியாக உண்டாகாமல் போனால், நூல் தளர்ந்ததும் விரை பழையபடி சுதந்திரமாக ஆட ஆரம்பித்துவிடும்.

ஒட்டு ஏன் உண்டாகாமல் போகிறது? முதல் காரணம் அந்த வழுவழுப்பான உறை. உராயாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காகவே அமைந்த திசு அது. உறையைத் திறந்து அப்புறப்படுத்தாமல், அல்லது வெளிப்புறமாகப் புரட்டித் தைக்காமல், உறைக்கு உள்ளேயே இரண்டு தையல் மட்டும் போட்டு மூடிவிட்டால், வழுவழுப்பும் வழுவழுப்பும்தான் எதிரெதிரே இருக்கும். அவை ஒட்டிக்கொள்ளும் என்று நிச்சயமில்லை. மறு ஆபரேஷனில் திறந்து பார்த்த சர்ஜன்கள் சிலர், பழைய தையல் இருந்த சுவடே இல்லை, ஒட்டும் இல்லை, விரை முதல் நாள் போலவே தொங்கிக்கொண்டிருந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தையல் போட்ட இடங்களின் எண்ணிக்கை. ஒரே இடத்தில் பிடித்திருந்தால் அந்தப் புள்ளியையே அச்சாக வைத்துக்கொண்டு விரை சுற்றலாம். மூன்றாவது, நூல் அறுந்துபோவதோ விரையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதோ. நான்காவது, நூல் கரைந்துபோவது. அதைப் பற்றித் தனியாகவே கேட்கிறார்கள்.

கரையும் நூல் நல்லதா, கரையாத நூல் நல்லதா?

திரும்ப முறுக்கியதாகப் பதிவான நிகழ்வுகளில் பலவற்றில் முதல் ஆபரேஷன் கரையும் நூலால் செய்யப்பட்டிருந்தது. அதனால்தான் பல சர்ஜன்கள் கரையாத நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்கட் நூல் 2, 3 வாரத்திலேயே வலு இழந்துவிடும். விக்ரில் நூல் சுமார் 3 வாரத்தில் பாதி வலுவுக்கு வந்து, 56 முதல் 70 நாளுக்குள் முழுவதும் கரைந்துவிடும். பாலிப்ரோப்பிலீன் மாதிரியான நூல் கரையாமல் அப்படியே இருக்கும். பட்டு நூலைக் கரையாத வகையில்தான் சேர்ப்பார்கள். ஆனால் அதுவும் உடம்புக்குள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலு குறைந்துகொண்டே போகும்.

கரையாத நூலிலும் குறை இருக்கிறது. முடிச்சு கையில் தட்டுப்படும். சிலருக்கு உறுத்தும், அந்த இடத்தில் சிறு கட்டி மாதிரி வரும். கரையாத நூல் போட்டவர்களுக்கும் திரும்ப முறுக்கிய நிகழ்வுகள் இருக்கின்றன. அதனால் நூலை மட்டும் வைத்து ஆபரேஷனை நல்லது, கெட்டது என்று எடை போட முடியாது. உறையை என்ன செய்தார்கள், எத்தனை இடத்தில் பிடித்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம் என்றுதான் நான் சொல்வேன். கரையும் நூல் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஒட்டு நன்றாக உண்டாகியிருந்தால் நூலின் வேலை அதோடு முடிந்தது.

எவ்வளவு காலம் கழித்து வரும்? ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் கவலையில்லைதானே?

அப்படி ஒரு கெடு கிடையாது. சில மாதங்களில் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், பல வருஷம் கழித்துத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதில் தைத்து, வாலிப வயதில் மறுபடி வந்ததும் உண்டு. பருவ வயதில் விரை வேகமாகப் பெரிதாகிக் கனம் கூடுவதால், அதற்கு முன் ஆபரேஷன் ஆன பையன்களின் பெற்றோர் அந்த வயதில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. வயது ஏற ஏற முறுக்கம் வரும் வாய்ப்பு பொதுவாகக் குறையும். ஆனால் இத்தனை வருஷம் ஆயிற்று என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒரு வலியைத் தள்ளிவிட முடியாது.

திரும்ப முறுக்கினால் வலி எப்படி இருக்கும்?

முதல் தடவை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கலாம். திடீரென்று, ஒரு பக்கத்தில், தாங்க முடியாமல் வரும். குமட்டல், வாந்தி வரலாம். தூக்கத்திலிருந்து வலி எழுப்பிவிடுவது இந்த நோயில் சகஜம். விரை வழக்கத்தைவிட மேலே ஏறியோ குறுக்காகவோ இருக்கலாம், தொட்டால் கல் மாதிரி கெட்டியாக இருக்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் இப்படியே வராது. சிலருக்கு வலி அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோதான் தெரியும். தையலும் தழும்பும் பாதி பிடித்திருந்தால் விரை மேலே ஏறாமலும் இருக்கலாம். தொடையின் உள்பக்கம் லேசாகத் தடவினால் விரை மேலே இழுத்துக்கொள்ளும். முறுக்கத்தில் பெரும்பாலும் அந்த அசைவு இருக்காது. ஏற்கனவே ஆபரேஷன் ஆன பையில் இந்த அடையாளத்தை அவ்வளவு நம்ப முடியாது. அதனால் வீட்டில் வைத்து அடையாளங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திடீர் வலி என்ற ஒன்றே கிளம்பப் போதும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் 10 பேரில் 9 பேருக்கு மேல் விரையைக் காப்பாற்றலாம். 12 மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். 24 மணி நேரத்துக்குப் பிறகு விரை பிழைப்பது அரிது. சுற்று அதிகமாக இருந்தால் இதைவிடச் சீக்கிரமும் கெட்டுப்போகலாம்.

இந்த 6 மணி நேரக் கணக்கு வலி தொடங்கிய நிமிஷத்திலிருந்து. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. பயணம், பரிசோதனை, மயக்க மருந்து கொடுப்பது எல்லாமே அந்த 6 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வழியில் சாப்பாடு, காபி, ஜூஸ் எதுவும் கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது எளிது. அதே சமயம், சாப்பிட்டுவிட்டான் என்பதற்காக வீட்டில் காத்திருக்கவும் வேண்டாம். கிளம்பிவிடுங்கள், எப்போது என்ன சாப்பிட்டான் என்று அங்கே சொன்னால் போதும். பல மணி நேரம் கடந்துவிட்டிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். முறுக்கு முழுதாக இல்லாமல் பாதியாக இருந்தால் தாமதமாக வந்தும் பிழைத்த விரைகள் உண்டு.

"ஏற்கனவே தைத்தாயிற்று, முறுக்கமாக இருக்க வாய்ப்பில்லை" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னால்?

இது நடக்கக்கூடியதுதான். அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டாக்டர் இப்படி ஒரு நிகழ்வைத் தன் அனுபவத்தில் பார்த்தே இருக்க மாட்டார். தழும்பைப் பார்த்ததும், தைத்த விரை சுற்றாது என்று மனம் முடிவு கட்டிவிடுவது இயல்பு. நோய்த்தொற்று என்று நினைத்து மாத்திரை எழுதி அனுப்பினால், மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் அந்த இரவுக்குள் விரை போய்விடும்.

நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. தெளிவாக மூன்று விஷயம் சொல்லுங்கள்: வலி எப்போது, எப்படித் தொடங்கியது, முதல் தடவை முறுக்கியபோது இருந்த வலி மாதிரியே இருக்கிறதா, எந்த வருஷம், எந்தப் பக்கம் ஆபரேஷன் ஆயிற்று. பிறகு நேராகவே கேளுங்கள்: "தைத்த பிறகும் அபூர்வமாகத் திரும்ப முறுக்கும் என்கிறார்களே, அது இல்லை என்று எப்படி உறுதி செய்வீர்கள்? சர்ஜனோ யூராலஜி டாக்டரோ ஒரு தடவை பார்க்க முடியுமா?" மரியாதையாகவும் விடாமலும் கேட்டால் பெரும்பாலும் பார்ப்பார்கள். முன்பு ஒரு தடவை அனுபவித்த பையன் "அதே வலிதான்" என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு டாக்டரும் மதிப்புக் கொடுக்க வேண்டும், பெற்றோரும் கொடுக்க வேண்டும்.

டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் இருக்கிறது என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா?

பல சமயம் போகலாம். ஆனால் ஸ்கேன் நூற்றுக்கு நூறு கிடையாது. ஆரம்ப நேரத்திலும் பாதி முறுக்கத்திலும் தமனியில் கொஞ்சம் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கலாம். படத்தில் நார்மல் மாதிரி தெரியும். விரையை மட்டும் பார்க்காமல், மேலே கொடி முழுவதையும் பார்த்தால் முறுக்கு நீர்ச்சுழி மாதிரி தெரியலாம். தானே அவிழ்ந்துகொண்ட முறுக்கத்தில் ரத்த ஓட்டம் கூடுதலாகக்கூடத் தெரிந்து, நோய்த்தொற்று என்று எண்ண வைக்கும்.

ஸ்கேன் நார்மல், ஆனால் வலி அப்படியே இருக்கிறது என்றால், அனுபவமுள்ள சர்ஜன் பையைத் திறந்து நேரில் பார்ப்பதையே தேர்ந்தெடுப்பார். திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று மூடினால் ஒரு சின்னத் தழும்போடு போகும். திறக்காமல் விட்டு உள்ளே முறுக்கியிருந்தால் விரையே போகும்.

விட்டு விட்டு வலி வருகிறது, பத்து நிமிஷத்தில் தானாகப் போய்விடுகிறது. இதுவும் அதுதானா?

இருக்கலாம். விரை சுற்றி, தானே அவிழ்ந்துகொள்வது உண்டு. திடீரென்று கடுமையாக வந்து, சட்டென்று முழுதாக நின்றுவிடும் வலி அதற்கே உரிய அடையாளம். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். தைத்த பக்கத்தில் இப்படி வந்தால் ஒட்டு பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். வலி நின்றாலும் அன்றோ மறுநாளோ யூராலஜி டாக்டரைப் பாருங்கள், மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த முறை அவிழாமலே போகலாம். திட்டமிட்டு மறுபடி தைத்துக்கொள்வது நடு இரவில் ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

கையாலேயே திருப்பி முறுக்கை எடுத்துவிடலாம் என்கிறார்களே?

டாக்டர்கள் செய்வார்கள், நீங்கள் செய்யாதீர்கள். பெரும்பாலும் விரை உள்பக்கமாகச் சுற்றியிருக்கும் என்பதால் வெளிப்பக்கமாகத் திருப்புவது வழக்கம். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். அப்போது முறுக்கு இன்னும் இறுகும். தையல் போட்ட விரையில் எந்தப் புள்ளியை அச்சாக வைத்துச் சுற்றியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கையால் சரியானாலும் ஆபரேஷன் தேவைதான்.

ஆபரேஷன் முடிந்து சில வாரம் ஆகிறது. இன்னும் லேசாக வலிக்கிறது. பயப்பட வேண்டுமா?

லேசான வலி, கனம், தொட்டால் கூச்சம் எல்லாம் சில வாரம் இருப்பது சகஜம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் அது காயம் ஆறும் வலிதான். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் தொற்று. பை திடீரென்று பெரிதாகி நீலமானால் ரத்தம் கட்டியிருக்கலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் மெல்ல மெல்லக் கூடும் வலியும் விரைமேல் குழாயின் அழற்சியாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் டாக்டரைப் பார்க்க வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி ஒரே நொடியில் கடுமையானால், அது அவசர சிகிச்சைக்கான வலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பாற்றிய விரை பின்னால் சுருங்கிப் போவது உண்டு. அது திரும்ப முறுக்கியதால் வந்ததில்லை. முதல் தடவை ரத்தம் இல்லாமல் கிடந்த நேரத்தின் விளைவு. அதனால்தான் சில மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்டச் சொல்கிறார்கள். அந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

முறுக்கிய பக்கத்தை மட்டும் தைத்தார்கள், மறுபக்கத்தைத் தொடவில்லை. பரவாயில்லையா?

யூராலஜி டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டிய விஷயம் இது. பிடிமானம் இல்லாத அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருப்பதால், வழக்கமாக ஒரே ஆபரேஷனில் மறுபக்கத்தையும் தைத்துவிடுவார்கள். விடுபட்டிருந்தால் பின்னால் தைத்துக்கொள்ளலாம்.

ஒரு விரையை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

அப்படியானால் மேலே சொன்ன எல்லாமே உங்களுக்கு இரு மடங்கு பொருந்தும். மீதியிருக்கும் விரை தைக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தைத்திருந்தாலும் திடீர் வலி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். மற்றபடி ஆரோக்கியமான ஒரு விரை, ஆண் ஹார்மோனுக்கும் தாம்பத்தியத்துக்கும் பெரும்பாலும் குழந்தை பெறுவதற்கும் போதுமானது. எடுத்த இடத்தில் சிலிகான் விரை வைத்துக்கொள்ளலாம். காயம் நன்றாக ஆறிய பிறகு, பையன் தானே விரும்பினால் செய்துகொள்வது. வேண்டாம் என்றால் அதிலும் ஒரு குறையும் இல்லை.

விளையாடலாமா? சைக்கிள் ஓட்டலாமா?

காயம் ஆறும் வரை சில வாரம் ஓட்டம், குதி, சைக்கிள், கனம் தூக்குவது வேண்டாம். ஒட்டு பிடிக்கும் காலமும் அதுதான் என்பதால் இந்த ஓய்வைச் சலுகை கேட்காமல் கடைப்பிடியுங்கள். அப்புறம் டாக்டர் சொன்னதும் எல்லாம் ஆடலாம். பந்து வேகமாக வரும் விளையாட்டுகளில் அடி தாங்கும் கவசம் போட்டுக்கொள்ளலாம். ஒரே விரை உள்ளவர்கள் கட்டாயம் போட வேண்டும். இறுக்கமான உள்ளாடையோ கவசமோ முறுக்கத்தைத் தடுக்காது. சுய இன்பத்தாலோ உடலுறவாலோ வந்துவிட்டதோ என்று மனத்துக்குள் குமையும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு: உன் தப்பு எதுவும் இதில் இல்லை. பிறவி அமைப்பு அது. தூங்கிக்கொண்டிருந்தவனுக்கும் வருகிறது.

சின்ன வயதில் கீழே இறங்காத விரையை இறக்கி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அதுவும் பாதுகாப்புத்தானே?

முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆபரேஷனின் பெயரும் ஆர்க்கிடோபெக்ஸிதான், ஆனால் நோக்கம் விரையைக் கீழே கொண்டுவருவது. அப்படிச் செய்துகொண்டவர்களுக்கும் பின்னாளில் முறுக்கம் வந்தது பதிவாகியிருக்கிறது. திடீர் வலி வந்தால் அதே விதிதான்.

திரும்ப முறுக்கியிருந்தால் இந்தத் தடவை என்ன செய்வார்கள்?

முறுக்கை எடுப்பது, காத்திருந்து பார்ப்பது எல்லாம் முன்பு மாதிரியே. தைக்கும் முறையை மட்டும் மாற்றுவார்கள். முதல் தடவை கரையும் நூல் என்றால் இப்போது கரையாத நூல். உறையைத் திறந்து புரட்டியோ நீக்கியோ விரையின் தோல் நேரடியாகத் திசுவோடு ஒட்டும்படி வைப்பது. ஒரு இடத்துக்குப் பதில் மூன்று இடத்தில் பிடிப்பது. மறுபக்கத்தையும் திறந்து, அங்கே ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே கையால், அதே முறையில் தைத்திருந்தால் அங்கேயும் பிடிக்காமல் இருக்கலாம் அல்லவா? இதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா?

முறுக்கம் வந்து போன பெரும்பாலான ஆண்களுக்குக் குழந்தைப்பேற்றில் தடை வருவதில்லை. சிலருக்கு விந்தணு எண்ணிக்கை மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டு தடவை முறுக்கியவர்கள், ஒரு விரை சுருங்கியவர்கள், பெரியவர்களான பிறகு ஒரு விந்துப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும்.

பையன் வெட்கப்பட்டுச் சொல்லவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

முதல் தடவை தாமதமானதற்கே பல வீடுகளில் இதுதான் காரணம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால் "வயிறு வலி" என்பான். ஒருமுறை வாந்தி எடுப்பான். அம்மா சாப்பாட்டைக் குறை சொல்வார், கஷாயம் போட்டுக் கொடுப்பார். காலையில் நடக்க முடியாமல் காலை அகட்டி வைக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

ஆபரேஷன் ஆன வீட்டில் இது மறுபடி நடக்கக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், அப்பாவோ அண்ணனோ மாமாவோ, அவனுக்கு நெருக்கமான யாராவது, நேராகவே பேசிவிடுங்கள். "மறுபடி அந்த மாதிரி வலித்தால் எத்தனை மணியானாலும் எழுப்பு. திட்ட மாட்டோம். ஒன்றுமில்லை என்று ஆனாலும் பரவாயில்லை." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வீணாக எழுப்பிவிடுவோமோ என்ற தயக்கத்தில் வாயை மூடிக்கொள்ளும் பையன்கள் அதிகம். விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்றால் வார்டனுக்கும் ஒரு நண்பனுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். அவனுக்கு வயிறு வலி என்றால் உடையைக் களைந்து விரையையும் பார்க்கும்படி டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

என்னென்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் "இரு பக்கமும் ஆர்க்கிடோபெக்ஸி" என்று ஒரே வரிதான் இருக்கும். ஆபரேஷன் நோட்ஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் எத்தனை சுற்று முறுக்கியிருந்தது, என்ன நூல், எத்தனை தையல், உறையை என்ன செய்தார்கள், மறுபக்கம் தைத்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து, பையனின் போனிலும் ஒன்று போட்டு வையுங்கள். பழைய ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேடு பிரிவில் தேதியும் பெயரும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நினைவிருக்கும் வரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவசரத்தில் கையில் அந்தத் தாள் இல்லை என்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள், தாளைப் பின்னால் யாராவது கொண்டு வரட்டும்.